பழமொழியின் பொருள் எங்கே இருக்கிறது?

கடலூர் முதுநகரில் கடன் வாங்கிய ஒருவரைப் பற்றி, "அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்" என்று யாராவது சொன்னால், கேட்பவர் மீனைப் பற்றி விசாரிப்பதில்லை. பணம் எளிதில் திரும்பாது, நேரில் போய்க் கேட்டாலும் ஆள் பிடிகொடுக்க மாட்டார் என்பது அந்த நொடியே விளங்கிவிடுகிறது. சொன்ன தொடரில் கடன் என்ற சொல் இல்லை, பணம் இல்லை, சாக்குப்போக்கு இல்லை. இல்லாத இத்தனையும் கேட்பவரின் மனத்தில் எப்படி வந்து சேர்ந்தன?

மொழியைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. இதற்கு விடை தேடினால் இலக்கணம், ஓசை, நினைவு, ஊர் வழக்கம் ஆகிய நான்கையும் தொட்டாக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழமொழியின் பொருளில் ஒரு பகுதிதான் அதன் சொற்களில் இருக்கிறது; பெரும்பகுதி அதை எந்த நிலைமையின்மேல் பொருத்துகிறோம் என்பதில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு ஒவ்வொரு பழமொழிக்கும் "உண்மையான பொருள்" தேடுகிறவர்கள் பலர். அவர்களைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

பழமொழிக்கு வருமுன், அதைவிடச் சிறிய உறைந்த தொடர்களைப் பார்த்துவிடலாம். எல்லாவற்றிலும் சிறியவை இணைமொழிகள்: வீடு வாசல், ஆடு மாடு, பெட்டி படுக்கை, காடு கழனி, தோட்டம் துரவு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பலர் வீடு வாசலை இழந்தார்கள் என்று எழுதினால், வீடு ஒன்று, வாசல் ஒன்று என்று யாரும் கணக்கிட மாட்டார்கள். வாழ்விடம் முழுவதும் போயிற்று என்றே பொருள். வரிசையும் மாறாது. "வாசல் வீடு" என்று ஒருவரும் சொல்வதில்லை. "படுக்கை பெட்டி" என்றால் படுக்கையை வைக்கும் பெட்டியோ என்று தோன்றும். துரவு என்பது கிணறு என்று தெரியாதவர்கள்கூடத் "தோட்டம் துரவு" என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். தனியாக நடமாடாத ஒரு சொல் இணையின் துணையால் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

அடுத்த படி மரபுத்தொடர். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தமிழ் இலக்கணம் மிக அழகாக வேலை செய்யும் இடம் இது.

"படகிலிருந்து இறங்கியவர் கையைக் கழுவினார்." "தொழில் நொடித்ததும் அவர் கூட்டாளியைக் கை கழுவினார்." முதல் வாக்கியத்தில் கழுவப்பட்டது கை. அதற்கு இரண்டாம் வேற்றுமை உருபான ஐ இருக்கிறது. இரண்டாவதில் அந்த ஐ கூட்டாளிக்குப் போய்விட்டது. கை உருபை இழந்து வினையோடு ஒட்டிக்கொண்டது. "கை கழுவு" என்பது முழுவதும் ஒரே வினையாகிவிட்டது. அந்த வினைக்குச் செயப்படுபொருள் ஒரு மனிதர். "கூட்டாளியை வலது கை கழுவினார்" என்று அடைமொழி சேர்த்துப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. கை இங்கே உடலுறுப்பாக இல்லை என்பதற்கு அதுவே சான்று. "கம்பி நீட்டினான்" என்பதில் "இரண்டு கம்பி நீட்டினான்" என்றோ "கம்பிகளை நீட்டினான்" என்றோ சொன்னால், தப்பியோடியவன் மறைந்து கொல்லுப்பட்டறை வந்துவிடும்.

ஆனால் தொடரின் வால் உறைவதில்லை. கை கழுவுவார், கை கழுவிவிட்டார்கள், கை கழுவாதே, கை கழுவியிருக்கலாம் என்று காலம், இடம், எண், எதிர்மறை எல்லாம் தாராளமாக மாறும். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் மரபுத்தொடரின் முன்பகுதி உறைந்தும் பின்பகுதி நெகிழ்ந்தும் இருக்கிறது. புதிய மரபுத்தொடர் ஒன்றை எதிர்கொண்டால் இந்தச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்: நடுவில் அடைமொழி நுழைகிறதா, பெயர் பன்மையாகிறதா, வேற்றுமை உருபு ஏறுகிறதா.

சில தொடர்கள் இந்தச் சோதனைக்கு ஓரளவு இடம் கொடுக்கும். "பெரிய மனக்கோட்டை கட்டினான், ஒரே வருடத்தில் அந்தக் கோட்டை இடிந்தது" என்று சொல்ல முடிகிறது. கோட்டை ஆசையையும், கட்டுதல் கற்பனை செய்வதையும் குறிப்பதால் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே பொருள் பங்கு கிடைக்கிறது. கம்பி நீட்டுவதில் கம்பிக்கு அப்படி எந்தப் பங்கும் இல்லை. நன்பெர்க், சாக், வாசோ என்ற மூன்று அறிஞர்கள் 1994-இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கினார்கள். அவர்கள் காட்டியவை பெரும்பாலும் ஆங்கில எடுத்துக்காட்டுகள். தமிழுக்கும் அது பொருந்துவதை மேலே உள்ள இரண்டு தொடர்களே காட்டுகின்றன.

கடலூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொடரையும் சொல்ல வேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறித் திருப்பாதிரிப்புலியூர் வந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அதன் நினைவாகக் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் இங்கே வழங்குகிறது. அந்தப் பெயரில் கரை என்றால் கடற்கரையேதான். அதே சொல் "கடனிலிருந்து கரையேறினேன்" என்னும்போது மரபுத்தொடராகிறது. "மூன்று பெண்களைக் கரையேற்றினார்" என்றால் திருமணம் செய்துகொடுத்தார் என்று பொருள். இந்த மூன்றாவது வழக்கை நான் பயன்படுத்துவதில்லை. மகளைக் கரைசேர்க்க வேண்டிய சுமையாகப் பார்த்த காலத்தின் கண் அதில் அப்படியே இருக்கிறது. உறைந்த தொடர்களில் அழகு மட்டும் உறைவதில்லை, பழைய பார்வைகளும் சேர்ந்தே உறைகின்றன.

இத்தகைய தொடரைக் கேட்கும்போது மனத்தில் என்ன நடக்கிறது? முதலில் நேர்ப்பொருளைக் கட்டி, அது பொருந்தவில்லை என்று கண்டு, பிறகு மறைபொருளுக்குப் போகிறோம் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். ஸ்வின்னியும் கட்லரும் 1979-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் வேறுவிதமாக இருந்தன. பழகிய மரபுத்தொடரை மக்கள் சாதாரணச் சொற்கோவையைவிட விரைவாகவே அடையாளம் கண்டார்கள். அது மனத்தில் ஒரு நீண்ட சொல்லைப் போலவே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு. 1988-இல் காச்சாரியும் தபோசியும் அதைத் திருத்தினார்கள். தொடரில் ஏதோ ஓர் இடத்தில் "இது வழக்குத் தொடர்" என்று காட்டிக்கொடுக்கும் திறவுகோல் இருக்கிறது, அதுவரை நேர்ப்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்றார்கள். தமிழில் அந்தத் திறவுகோல் பல நேரம் வேற்றுமை உருபில் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். "கூட்டாளியைக் கை..." என்று காதில் விழுந்ததுமே, வினை வருவதற்கு முன்பே, இது சோப்பும் தண்ணீரும் வேண்டிய காரியமாக இருக்காது என்பது புரிந்துவிடுகிறது.

இனிப் பழமொழி. மரபுத்தொடர் ஒரு வாக்கியத்துக்குள் உறுப்பாக அடங்குவது. பழமொழி தானே ஒரு முழுக் கூற்று. ஆலன் டண்டஸ் என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் 1975-இல், பழமொழி என்றால் குறைந்தது ஒரு பேசுபொருளும் அதைப் பற்றிய ஒரு கூற்றும் இருக்க வேண்டும் என்றார். "குறைகுடம் கூத்தாடும்" என்பதில் குறைகுடம் பேசுபொருள், கூத்தாடுவது கூற்று. இதற்கும் குறைந்த அளவில் பழமொழி இருக்க முடியாது.

இந்த எலும்புக்கூடு உலகப் பொது. அதன்மேல் தமிழ் போர்த்தும் தசையைப் பாருங்கள்.

முதலில் காலம். அம்மியும் நகரும், குறைகுடம் கூத்தாடும், தவளையும் தன் வாயால் கெடும். இவை வடிவத்தில் எதிர்காலம். பொருளில் எக்காலத்துக்கும் உரியவை. "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதை "யானைக்கு அடி சறுக்கியது" என்று மாற்றினால் அது செய்தித்தாளில் வரும் ஒரு விபத்து. ஒரே வினைமுற்று மாற்றத்தில் பழமொழி செத்துவிடுகிறது.

அடுத்தது உம். பள்ளியில் சிறப்பும்மை என்று படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்திருப்போம். பழமொழியின் உயிர் பல நேரம் அந்த ஒற்றை இடைச்சொல்லில் இருக்கிறது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்பதில் உம், யானையின் உயர்வைச் சொல்லி, அதற்கே அப்படியென்றால் மற்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும் என்ற வாதத்தைத் தானே நடத்திவிடுகிறது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பதில் எதிர்ப்பக்கம்: தாழ்வாகக் கருதப்படும் காக்கைக்கே அப்படி என்றால் மனிதத் தாய்க்கு எப்படி இருக்கும் என்கிறது. ஓர் எழுத்தும் ஓர் ஒற்றும் சேர்ந்து ஒரு தர்க்கத்தைச் சுமக்கின்றன. உம்மை எடுத்துவிட்டு "காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று சொல்லிப் பாருங்கள். பறவையைப் பற்றிய குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்று ஆம். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." அந்த ஆம், இதை நான் பார்க்கவில்லை, ஊர் சொல்லக் கேட்டேன் என்று சொல்கிறது. பழமொழி சொல்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு. எதிரில் இருப்பவரைக் குத்துவது நான் இல்லை, எங்கோ இருந்த ஒரு பெண்ணின் கதையைத்தான் சொன்னேன் என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். கேட்பவரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தே சிரித்துவிட்டுப் போகலாம். சண்டையில்லாமல் கண்டிக்க மொழி கண்டுபிடித்த வழி இது. இதே ஆமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாதியையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பழமொழிகளும் ஏராளமாக உலவுகின்றன. அங்கே "ஊர் சொன்னது" என்ற சாக்கை ஏற்கக் கூடாது. பழமொழியை வாயால் சொல்பவர் அந்த நிமிடம் அதற்குப் பொறுப்பாளி.

கேள்வி வடிவமும் உண்டு. "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்பதற்கு யாரும் விடை சொல்வதில்லை. வினையே இல்லாத வடிவம் உண்டு: "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்." கேட்பவர் தாமே வினையை நிரப்பிக்கொள்கிறார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தால் இன்னொன்று நன்றாக விளங்கும்: "அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?" அலை ஓயாது என்பது சொல்லப்படவே இல்லை. கடலோரத்தில் வாழும் எவருக்கும் அதைச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்தப் பழமொழியில் அலை, தலை என்ற எதுகையைக் கவனித்திருப்பீர்கள். கழுவுகிற, நழுவுகிற என்பதிலும் அதுவே. "ஆடிப் பட்டம் தேடி விதை", "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்", "பதறாத காரியம் சிதறாது" என்று எடுத்துக்கொண்டே போகலாம். ஓசை நினைவுக்கு உதவுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது நம்பிக்கைக்கும் உதவுகிறது என்பதுதான் வியப்பு. மெக்லோனும் டோஃபிக்பக்‌ஷும் 2000-இல் நடத்திய ஆய்வில், இயைபு உள்ள ஆங்கிலப் பொன்மொழிகளை, அதே கருத்தை இயைபில்லாமல் சொன்னவற்றைவிட உண்மையானவை என்று மக்கள் மதிப்பிட்டார்கள். காது ஒப்புக்கொண்டதை அறிவும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களிடம் கேட்டால், முட்டை திருடுபவன் எருதையும் திருடுவான் என்று அம்மொழியில் ஒரு பழமொழி இருப்பதைச் சொல்வார்கள். முட்டையிலிருந்து எருதுக்கு ஏன் தாவ வேண்டும்? பிரெஞ்சில் அந்த இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் முடிகின்றன. அந்த ஒலி இல்லாவிட்டால் எருது அங்கே வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். "பதறாத காரியம் சிதறாது" என்கிறோம். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் சொல்கிறோம். ஒன்று பொறு என்கிறது, மற்றது தாமதிக்காதே என்கிறது. இவற்றில் எது உண்மை? பழமொழியை அறிவியல் விதியாக எடுத்துக்கொண்டால் ஒன்றைத் தூக்கி எறிந்தே ஆக வேண்டும். ஆனால் தமிழர் எவரும் இந்த முரணால் தூக்கம் இழந்ததில்லை. காரணத்தைத் தொல்காப்பியம் சொல்லிவைத்திருக்கிறது. செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் கூறும்போது நுட்பம், சுருக்கம், ஒளி ஆகிய பண்புகளைச் சொல்லிவிட்டு, "குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி" என்று முடிக்கிறது. பேசுகிறவர் ஏற்கெனவே ஒரு பொருளைக் குறித்துவிட்டார்; அதை நிலைநாட்டக் காரணமாக முதுமொழி வருகிறது. அதாவது, சொல்ல வந்த கருத்து முன்னே, பழமொழி பின்னே. உங்கள் நிலைமை பொறுமையைக் கேட்டால் ஒன்று வரும், விரைவைக் கேட்டால் மற்றது வரும். பழமொழியை அதன் வேலையைக் கொண்டு வரையறுத்த இந்தச் சூத்திரத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான, முன்றுறை அரையனார் பாடிய பழமொழி நானூறும் இதே முறையில்தான் அமைந்திருக்கிறது. பாட்டு ஒரு கருத்தையோ நிலைமையையோ சொல்லிக்கொண்டு போகும். இறுதியில் பழமொழி வந்து அதை முடித்துவைக்கும். மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளை கத்தித் தன்னைக் காட்டிக்கொடுப்பதைச் சொல்லும் "நுணலும் தன் வாயால் கெடும்" அந்த நூலில் இருக்கிறது. நுணல் என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அந்த இடத்தில் தவளை ஏறி உட்கார்ந்துகொண்டு, "தவளையும் தன் வாயால் கெடும்" என்று இன்றும் சொல்கிறோம். சொல் மாறியது, உம் மாறவில்லை, கெடும் மாறவில்லை, பொருத்தும் இடமும் மாறவில்லை.

பொருத்துவதற்குப் படத்துக்கும் நிலைமைக்கும் இடையே தூரம் வேண்டும். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?" என்பதைக் கடன் தொல்லைக்கோ தேர்வுத் தோல்விக்கோ சொன்னால் அது பழமொழி. 2015 மழையில் கடலூர்த் தெருக்களில் வெள்ளம் நின்றபோது அதையே சொன்னால், வெள்ளத்தைப் பற்றிய நேர்ப்பேச்சாகிவிடும். குழந்தைகளுக்குப் பழமொழி புரியத் தாமதமாவதும் இந்தத் தூரத்தால்தான். அவர்கள் முதலில் படத்திலேயே நின்றுவிடுகிறார்கள். யானை எங்கே வழுக்கி விழுந்தது என்று கேட்கும் குழந்தையை அதட்டக் கூடாது. மொழியின் முதல் பாதியை அது சரியாகவே பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நிலைமைகளைச் சொல்லி, இவற்றில் எதற்கு இது பொருந்தும் என்று கேட்டால் போதும்.

யார் யாரிடம் சொல்கிறார் என்பதும் பொருளின் பகுதி. மூத்தவர் இளையவரிடம் பழமொழியை நேராகவே சொல்லலாம். இளையவர் மூத்தவரிடம் சொல்ல நேர்ந்தால், "நீங்களே சொல்வீர்களே", "பெரியவர்கள் சொல்வதுண்டு" என்று ஒரு முன்னுரை போடுகிறார். அது வெறும் பணிவு இல்லை. பழமொழிக்கு இருக்கும் அதிகாரத்தைத் தம் வயதுக்கு மீறி எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிவிப்பு.

இவ்வளவையும் பார்த்தபின் "உண்மைப் பொருள்" விளக்கங்களுக்கு வருவோம். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது தவறாம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்பதே சரியாம். இது கைபேசிக்குக் கைபேசி பரவுகிறது. பழமொழியின் கட்டமைப்பு தெரிந்தவருக்கு இதில் உள்ள சிக்கல் உடனே தெரியும். சட்டியும் அகப்பையும் ஒரே சமையலறைப் பொருள்கள். இரண்டும் சேர்ந்து ஒரு படத்தை முழுமையாக்குகின்றன: உள்ளே இல்லாதது வெளியே வராது. சட்டியைச் சஷ்டியாக்கினால் படம் உடைந்துவிடுகிறது. அறிவில்லாதவரிடம் நல்ல பேச்சை எதிர்பார்க்காதே, பணமில்லாதவரிடம் கொடையை எதிர்பார்க்காதே என்று பலவகையாகப் பொருந்திவந்த ஒன்று, ஒரே ஒரு விரதத்துக்கான விளம்பரமாகச் சுருங்கிவிடுகிறது.

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதையும் இப்படித் திருத்துகிறார்கள். குதிரை இல்லை, குதிர். குதிர் என்றால் ஆற்று மணல்திட்டு என்கிறார்கள். நெல் கொட்டி வைக்கும் கலத்துக்குத்தான் குதிர் என்ற பெயரை நான் அறிவேன். அது இருக்கட்டும். சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் இருக்கும் வட்டாரம் இது. அய்யனார் கோயில்களில் மண் குதிரைகள் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழமொழியில் திருத்த ஒன்றுமில்லை. குதிரையின் தோற்றம் எல்லாம் இருக்கிறது, சுமந்து செல்லும் திறன் மட்டும் இல்லை. தோற்றத்தை நம்பிக் காரியத்தில் இறங்காதே என்பதை இதைவிட நன்றாக எந்த மணல்திட்டு சொல்லும்?

காலப்போக்கில் சொற்கள் திரிவது உண்மைதான். நுணல் தவளையானதைப் பார்த்தோம். திரிபு நடந்தது என்று சொல்பவர், பழைய வடிவம் ஏதாவது ஏட்டிலோ தொகுப்பிலோ இருப்பதைக் காட்ட வேண்டும். பீட்டர் பெர்சிவல் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. ஹெர்மன் ஜென்சன் 1897-இல் இன்னொரு தொகுப்பைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி வெளியிட்டார். தேடிப் பார்க்க வழி இல்லாமல் இல்லை.

கடைசியாக, அறியாத பழமொழி ஒன்று காதில் விழுந்தால் எப்படி அணுகுவது என்று ஒன்றைச் செய்து பார்க்கலாம். "அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள்." முதலில் படம்: கதிர் அறுக்கத் தெரியாத ஒருவன், இடுப்பு நிறைய அரிவாள். ஓசை: அ, ஐ, அ என்று மோனை ஓடுகிறது, மோனைக்கு அகரமும் ஐகாரமும் ஓரினம். எண்: நூறு என்றால் வெறும் மிகை, ஐம்பத்தெட்டு என்றதும் யாரோ பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்ததுபோல் ஆகிறது, கேலி கூர்மையாகிறது. வினை: இல்லை, நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். உறவு: திறமை இல்லாத இடத்தில் கருவிகள் குவிந்திருக்கின்றன. இனி அரிவாளையும் வயலையும் விட்டுவிட்டு, இதே உறவு உங்களுக்குத் தெரிந்த எந்த நிலைமையில் இருக்கிறது என்று தேடுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மூன்று கேமராவும் ஒரு பை நிறைய லென்சுமாக வந்து நிற்கும் ஒருவர், சூரியன் மேலே ஏறும்வரை ஒரு படமும் எடுக்காமல் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் நடைபயிற்சிக்கு வந்த பெரியவர் இதை முழுவதுமாகச் சொல்ல வேண்டியதில்லை. "அறுக்க மாட்டாதவன் இடுப்பில்..." என்று தொடங்கினாலே, கூட நடப்பவர் மீதியை முடித்துவிடுவார்.